ஃபௌஸ்ட் போய்த் திரும்பிய வழி

அன்பு மகளுக்கு,

ஃபிராங்பர்ட்டில் நாடகக் குழுவில் சேர்ந்துவிட்டாய் என்றதும் அப்படியொரு சந்தோஷம். ஆனால் ஜெர்மன் சரளமாக வராததால் விளக்குப் போடும் வேலையே போதும் என்கிறாயே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

நீ இருக்கும் ஊரின் கதையைக் கேள். லண்டனில் நாடகக் குழுக்களுக்குள் கடும் போட்டி. கொள்ளைநோய் வந்தால் அரங்குகளையும் மூடிவிடுவார்கள். 1592-இல் ராபர்ட் பிரவுன் என்ற நடிகர் தன் குழுவோடு கடல் தாண்டி, ஃபிராங்பர்ட் சந்தைக்கு வந்து சேர்ந்தார். அங்கே ஆங்கில நடிகர்களைப் பார்த்ததை ஃபைன்ஸ் மோரிசன் என்ற பயணி எழுதி வைத்திருக்கிறார். போதுமான ஆள் இல்லை, நல்ல உடுப்பு இல்லை, மேடை அலங்காரமும் இல்லை. பேசுவதில் ஒரு வார்த்தைகூட ஜனங்களுக்குப் புரியவில்லை. அப்படியும் அவர்களுடைய அங்க அசைவையும் நடிப்பையும் பார்க்க ஆணும் பெண்ணுமாகக் கூட்டம் அலைமோதியதாம்!

மற்றவர்கள் உடை மாற்றும் இடைவெளியில் கோமாளி மட்டும் வந்து உள்ளூர் மொழியில் சிரிக்க வைப்பான். போகப்போக நாடகங்களையே ஜெர்மனில் போட்டார்கள். கவிதை வசனம் உரைநடையானது; கோமாளிக்கு இடம் கூடியது. இதைச் சிதைவு என்பவர்கள் உண்டு. நாடகம் உயிரோடு ஊர் போய்ச் சேர்ந்த வழி அது என்றுதான் எனக்குப் படுகிறது.

அப்புறம் ஃபௌஸ்ட். சாத்தானுக்கு ஆன்மாவை விற்ற அந்த அறிஞனின் கதை 1587-இல் உன் ஃபிராங்பர்ட்டில்தான் புத்தகமாக அச்சானது. அது ஆங்கிலத்துக்குப் போக, லண்டன் நாடகாசிரியர் கிறிஸ்டோபர் மார்லோ அதை நாடகமாக்கினார். 1593-இல், 29 வயதிலேயே, அவரைக் குத்திக் கொன்றுவிட்டார்கள். நாடகம் நிற்கவில்லை. 1608-இல் ஆங்கில நடிகர்கள் அதை ஆஸ்திரியாவின் கிராட்ஸ் அரண்மனையில் ஆடினார்கள். அங்கே பார்த்த நாடகங்களை இளவரசி மரியா மக்தலேனா தன் அண்ணனுக்கு எழுதிய கடிதத்தில் ஒவ்வொன்றாகச் சொல்கிறாள்; அதில் ஃபௌஸ்டும் உண்டு. ஜெர்மன் கதை ஆங்கில நடிகர்களோடு ஜெர்மன் பேசும் மண்ணுக்கே திரும்பிவிட்டது, பார்த்தாயா! பிறகு அது பொம்மலாட்டமாகி ஊர் ஊராகச் சுற்றியது. உன் ஊர்க்காரர், பின்னாளில் ஃபௌஸ்ட் கதையைத் தானும் நாடகமாக எழுதிய கவிஞர் கோதேயின் மனதில் சின்ன வயதிலிருந்தே ஊறியது அந்தப் பொம்மலாட்டக் கதைதான்.

சரி, அடுத்த ஒத்திகைக்கு முன்னால் இயக்குநரிடம் போய் ஒரு வேஷம் கேள். வசனம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. என்ன சொன்னார் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
அம்மா