தம்பிக்கு, டர்ஹாமிலிருந்து

டர்ஹாம், வட கரோலினா
7 அக்டோபர் 2018, ஞாயிறு

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நான் நலம். அப்பா, அம்மா, ஆச்சி எல்லோரும் நலம்தானே? போன மாதம் வந்த ஃபுளோரன்ஸ் புயலை நினைத்து அம்மா இன்னும் பயந்துகொண்டிருக்கிறாள் என்று அப்பா சொன்னார். அது கரையைக் கடந்தது வில்மிங்டன் பக்கம். அங்கேதான் பாவம், நிறையப் பேருக்கு வீடு போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அம்மாவிடம் இன்னொரு தடவை சொல்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து மனசே சரியில்லை. மாவட்டத் தேர்வில் உன்னை ஆறே பந்து போடச் சொல்லிவிட்டு, "பந்து கட்டுப்பாடாத்தான் விழுது, ஆனா வேகம் இல்லியே தம்பி" என்று அனுப்பிவிட்டார்கள் என்றாய். கிட் பையை அலமாரிமேல் தூக்கிப் போட்டுவிட்டதாகவும் சொன்னாய். எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் இங்கே வந்த முதல் வருஷம் எப்படி இருந்தேன் என்று வீட்டில் யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. ஆய்வகத்தில் வேலை முடிந்து ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலை வரை ஒரு மனிதக் குரல் கேட்காது. நம் தெருவில் பால்காரர் மணியில் ஆரம்பித்து இரவு வரைக்கும் சத்தம்தானே. அந்தச் சத்தம் இல்லாமல் தூக்கமே வராது. ஒரு நாள் அலுவலகத்தில் இலவச டிக்கெட் கொடுத்தார்கள். கூட்டத்தைப் பார்க்கலாம், அது போதும் என்று பேஸ்பால் பார்க்கப் போனேன்.

மைதானம் ஊர் நடுவில், பழைய சிகரெட் தொழிற்சாலைக் கட்டடங்களை ஒட்டி இருக்கிறது. அணியின் பெயர் டர்ஹாம் புல்ஸ். சுவருக்கு மேலே பெரிய காளை உருவம் ஒன்று. உள்ளூர்க்காரர் சிக்ஸர் மாதிரி அடித்தால் அதன் கண் சிவக்கும், மூக்கிலிருந்து புகை வரும். இது பெரிய லீக் இல்லை, அதற்கு ஒரு படி கீழே. இங்கே ஆடுகிறவர்கள் எல்லோரும் எப்போது மேலே கூப்பிடுவார்கள் என்று காத்திருப்பவர்கள். சீசன் மாதங்களுக்கு மட்டும்தான் சம்பளம். குளிர்காலத்தில் வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்களும் உண்டு. மேலே இருக்கும் அணி ஃபுளோரிடாவின் டாம்பா பே ரேஸ்.

போன வருஷம் கோடையில் இங்கே வீசிக்கொண்டிருந்தவர் ரயன் யார்ப்ரோ. உன்னைப் போல இடதுகைக்காரர். உயரம் மட்டும் உன்னைப் போல இல்லை, ஆறடி ஐந்து அங்குலம். அவ்வளவு உயரமான ஆள் என்றால் பந்து பறக்கும் என்றுதானே நினைப்போம்? ஒவ்வொரு பந்தின் வேகமும் பலகையில் எரியும். 88, 89, எப்போதாவது 90 மைல். 90 மைல் என்றால் நம் கணக்கில் 145 கிலோமீட்டர். உனக்கு அது பேய் வேகமாகத் தெரியும். ஆனால் இங்கே கையை மடக்கி எறிகிறார்கள், பந்து தரையில் படாமல் நேராகப் போகிறது. பெரிய லீகில் சராசரியே 93 மைல். நூறைத் தொடுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் இவர் மெதுவான ஆள்.

பக்கத்து இருக்கையில் ஒரு பெரியவர், பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் நோட்டில் குறித்துக்கொண்டிருந்தார். நான் வேகப் பலகையையே பார்ப்பதைக் கவனித்துவிட்டு, "அதைப் பார்க்காதே, அடிக்கிறவனுடைய காலைப் பார்" என்றார். பார்த்தேன். யார்ப்ரோ கை வீசியது முந்தின பந்துக்கு வீசியது போலவேதான். அதே தோள், அதே வேகம். ஆனால் பந்து பத்து மைல் குறைவாக வந்தது. அதற்கு சேஞ்ச்அப் என்று பெயர். பந்தை விரல் நுனியில் பிடிக்காமல் உள்ளங்கைப் பக்கம் தள்ளிப் பிடிக்கிறார்கள். கை முழு வேகத்தில் வருகிறது, பந்து வருவதில்லை. அடிக்கிறவன் முன்கால் வைத்து, இடுப்பைத் திருப்பி, மட்டையையும் சுற்றி முடித்துவிட்டான். பந்து அதற்குப் பிறகுதான் வந்து சேர்ந்தது. பாவம், அவனுடைய ஒரு முழங்கால் மண்ணில் பட்டது.

எனக்கு உடனே நம் வீட்டுப் பின்சுவரும், அதில் நீ கரியால் போட்ட மூன்று கோடும்தான் ஞாபகம் வந்தது. முருங்கை மரத்துப் பக்கமிருந்து நீ போடும் அந்த மெதுவான பந்தில் அப்பா எத்தனை தடவை முன்னாடியே மட்டையைச் சுற்றியிருக்கிறார்! அது வேறு விளையாட்டு, இது வேறு விளையாட்டு, எனக்குத் தெரியும். ஆனால் ஏமாந்த காலின் தடுமாற்றம் ஒன்றேதான்.

பந்து வந்து சேர அரை நொடிகூட ஆகாது. அதற்குள் இது எந்தப் பந்து என்று அடிக்கிறவன் முடிவு செய்தாக வேண்டும். நேராக வருவது ஒன்று, கடைசியில் கொஞ்சம் விலகுவது ஒன்று, தொய்ந்து விழுவது ஒன்று. மூன்றும் ஒரே கையிலிருந்து வந்தால் அவன் எதை நம்புவான்? அடிக்கிறவன் முன்னால் தரையில் பதித்திருக்கும் தட்டுக்கு மேலேதான் பந்து போக வேண்டும். அதன் அகலம் 17 அங்குலம்தான். யார்ப்ரோ அதன் நடுவில் பந்து போட்டு நான் அதிகம் பார்க்கவில்லை. ஓரத்திலேயே போகும். நூறு மைல்காரர் தப்பாகப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். இவருக்கு அந்த வசதி கிடையாது. அதனால் தப்பாகப் போடாமல் இருக்கப் பழகியிருக்கிறார். எனக்கு அவரிடம் பிடித்ததே அதுதான்.

இங்கே அணி ஜெயித்தால் அந்த வெற்றியை வீசியவர்களில் ஒருவர் பெயரில் எழுதுவார்கள். அந்த வருஷம் டர்ஹாமுக்காக யார்ப்ரோ கணக்கில் 13 வெற்றி. அணியும் கோப்பை வாங்கியது. ஆனாலும் பெரிய லீகில் அந்த வேகம் செல்லாது என்று மைதானத்தில் பலர் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இந்த வருஷம் மேலே கூப்பிட்டுவிட்டார்கள். மே மாதம் ரேஸ் அணி ஒரு புது வழியைக் கொண்டுவந்தது. பேஸ்பாலில் ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது சின்ன இன்னிங்ஸ். வழக்கமாக ஆட்டத்தின் கடைசியில் வீச வரும் செர்ஜியோ ரோமோவை முதல் இன்னிங்ஸ் மட்டும் வீச வைத்துவிட்டு, இரண்டாவதில் யார்ப்ரோவை இறக்கினார்கள். அவர் ஆறு இன்னிங்ஸுக்கு மேல் தாக்குப்பிடித்தார். அப்புறம் சீசன் முழுக்கப் பெரும்பாலும் அப்படித்தான் வந்தார். போன வாரம் சீசன் முடிந்தது. அவர் கணக்கில் 16 வெற்றி. அதே அணியில் வேகமாக எறியும் பிளேக் ஸ்னெல்லுக்கு 21, அவருக்கு அடுத்து இவர்தான். அந்த 16ஐப் பார்த்தபோது நம் வீட்டுப் பிள்ளை பாஸான மாதிரி இருந்தது எனக்கு.

பெரியவர் இன்னொருவரைப் பற்றியும் சொன்னார். ஜேமி மோயர், அவரும் இடதுகைதான், அவரும் மெதுவாகத்தான் வீசுவார். 2012இல் 49 வயதில் பெரிய லீகில் ஓர் ஆட்டம் ஜெயித்தார். அப்பாவைவிட மூன்று வயதுதான் சின்னவர், பார்த்துக்கொள்.

தேர்வில் அவர்கள் உன்னிடம் பார்த்தது ஆறு பந்து. ஆறு பந்தில் வேகம் மட்டும்தான் தெரியும். அடுத்தவன் காலை எப்படித் தடுமாற வைக்கிறாய் என்று பார்க்க ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார வேண்டும். நான் எத்தனையோ சாயங்காலம் கிணற்றடியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன், பையைக் கீழே இறக்கு.

டிசம்பரில் இங்கிருந்து ஒரு சிநேகிதி மதுரைக்கு வருகிறாள். அவளிடம் ஒரு பேஸ்பால் கொடுத்து அனுப்புகிறேன். நம் பந்தைவிடக் கொஞ்சம் எடை குறைவு, வெள்ளைத் தோல், சிவப்பு நூல் விரலில் நன்றாகத் தட்டுப்படும். அதை உள்ளங்கைக்குள் தள்ளிப் பிடித்து, பின்சுவரில் இருபது தடவை எறிந்து பார். அப்புறம் அதே பிடியைக் கிரிக்கெட் பந்தில் வைத்துப் போட முடிகிறதா, பந்து எங்கே விழுகிறது என்று எனக்கு எழுது. ஃபோனில் வேண்டாம், எழுது. ஆச்சியின் கண் ஆபரேஷன் தேதியையும் மறக்காமல் அதிலேயே குறிப்பிடு.

அன்புடன்,
அக்கா