வாவாவை விட்டுவிடாதே

அன்புள்ள செல்விக்கு,

சாமான் கட்டி முடித்தாயிற்றா? வசம்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள். நீ குடிபோகிற கானரித் தீவுகளின் லாஸ் பால்மாஸில் 'குவாகுவா' என்றால் பஸ்ஸாம், இனிமேல் பாப்பாவை அப்படிக் கூப்பிட முடியாது என்று போனில் சொன்னாய். சிரித்துக்கொண்டுதான் சொன்னாய். ஆனாலும் குரல் கம்மியது எனக்குத் தெரிந்தது.

உன் பிரசவத்துக்கு நான் சிலியின் சாந்தியாகோவுக்கு வந்திருந்தபோது தெருச்சந்தைக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? பீச் பழம் விற்ற அம்மாள் தள்ளுவண்டிக்குள் எட்டிப் பார்த்து 'வாவா' என்றதும், தமிழில்தான் கூப்பிடுகிறாளோ என்று அப்படியே நின்றுவிட்டேன். எழுத்தில் குவாகுவா, காதில் வாவா. கைக்குழந்தைக்குச் சிலியில் அதுதான் பேர், ஆண் குழந்தையானாலும் 'லா குவாகுவா' என்று பெண்பாலில்தான் சொல்வார்கள் என்றாய். அப்புறம் அவள் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு, பாப்பாவின் உள்ளங்காலை ஒரு விரலால் தொட்டு 'மாமித்தா' என்றாள். சின்ன அம்மா! உன் அப்பா உன்னை 'வா தாயி' என்பாரே, அதேதான். பிள்ளையையே அம்மா என்று கொஞ்சுகிற ஊர் உலகத்தின் அந்தக் கோடியிலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த ஊர்மேல் இருந்த பயம் எனக்கு அங்கேயே போய்விட்டது.

மாடி வீட்டு அம்மா பெருவின் குஸ்கோ பக்கத்துக்காரர், அந்த மலைநாட்டுப் பழைய மொழியான கெச்சுவா பேசி வளர்ந்தவர். நான் பாப்பாவுக்கு எண்ணெய் தேய்க்கும்போது வந்து உட்கார்ந்து ஒரு விஷயம் சொன்னார். நீதான் எனக்குத் தமிழில் சொன்னாய், மறந்திருக்க மாட்டாய். வாவா ஸ்பெயின்காரர்கள் கொண்டுவந்த சொல் இல்லை, அது கெச்சுவா. அதிலும் பெற்றவள் தன் பிள்ளையைச் சொல்கிற சொல். தகப்பன் மகனை 'ச்சுரி' என்பான், மகளை 'உசுசி' என்பான். வாவா என்பது அம்மாவின் வாயில்தான்.

அப்படியிருக்க, ஊர் மாறியதற்காக நீ ஏன் அதை விட வேண்டும்?

புது ஊரிலும் கொஞ்சலுக்குக் குறைவில்லை. கானரித் தீவுகளில் 'மி நின்யா', என் பிள்ளை, என்று வாய்க்கு வாய் சொல்வார்களாம். கடையில் காய் வாங்கப் போனால் உன்னையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். லான்சரோட்டே தீவில் சின்னப் பிள்ளைக்கு 'ச்சினிஹோ' என்று பேர். அதற்கு வடக்கே கிடக்கிற குட்டித் தீவுகளுக்கும் அதே பேர்தான். மேப்பில் பெரிதாக்கிப் பார்த்தேன், கோழிக்குப் பக்கத்தில் குஞ்சுகள் மாதிரி இருக்கின்றன. பாப்பா நடக்க ஆரம்பித்ததும் கூட்டிப்போய்க் காட்டு.

வெளியே அவர்கள் எப்படிக் கூப்பிட்டாலும் சரி. எட்டு மாதமாக அவள் தலையைத் திருப்புவது வாவாவுக்குத்தான். வீட்டுக்குள் அதை விட்டுவிடாதே, கூடவே தாயி என்றும் கூப்பிடு. அப்பா இருந்திருந்தால் அப்படித்தான் கூப்பிட்டிருப்பார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் வரும்போது போனை அவள் முகத்துக்கு நேரே வை. நானும் கூப்பிட்டுப் பார்க்கிறேன்.

அன்புடன்,
அம்மா