ஆடிக் காற்று இருக்கும்போதே பீரோவைத் திறந்துவிடுங்கள்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். இந்த ஆடி முதல் நம் கடையில் ஒரு சின்ன மாற்றம். பாலிஷுக்கோ டிரைவாஷுக்கோ பட்டுப் புடவை கொண்டுவந்தால், உங்கள் எதிரிலேயே முழுதாகப் பிரித்துப் பார்த்துவிட்டுத்தான் ரசீது போடுவோம். ஒரு புடவைக்கு ஐந்து நிமிடமாவது ஆகும். "ஏன், எங்கள் மேல் சந்தேகமா?" என்று போன வாரம் ஒருவர் கேட்டேவிட்டார். சந்தேகமெல்லாம் இல்லை. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

போன தை மாதம் ஓர் அம்மா அரக்கு நிறப் பட்டு ஒன்று கொண்டுவந்தார். மகளின் வளைகாப்புக்குக் கட்ட வேண்டுமாம். இதுவரை கட்டியது இரண்டே முறை என்றார். வாங்கிய நாளில் கொடுத்த பிளாஸ்டிக் உறைக்குள்ளேயே இருந்தது. மேசையில் விரித்தேன். முந்தியிலிருந்து கடைசிவரை, மடிப்பு விழுந்த இடமெல்லாம் பிளேடால் கோடு இழுத்ததுபோல் இழை விட்டிருந்தது. தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்பவர் தெரிகிறார். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை. கிழிசலை விரலால் தடவிக்கொண்டே நின்றார்.

சிறு ஓட்டை என்றால், நூலால் பின்னி அடைக்கிற டார்னிங் போடலாம். மடிப்பு நெடுக இழை இற்றுப்போயிருந்தால் ஊசி குத்துகிற இடமும் சேர்ந்து கிழிந்துவிடும். உருளையில் கொடுத்துப் பாலிஷ் போட்டால் கேட்கவே வேண்டாம். அதைத்தான் முதலிலேயே உங்களிடம் காட்டிவிட நினைக்கிறோம்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, கட்டிக் கிழிந்த பட்டு குறைவு. பீரோவுக்குள் இருந்தபடியே வீணானதுதான் அதிகம். ஒரு தட்டில் இருபது புடவையைத் திணித்தால் அத்தனை கனமும் அடியில் கிடப்பதன் மடிப்பில் போய் உட்காரும். நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின்மேல் வெள்ளி இழையைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. உலோகம்தானே, வருடக்கணக்கில் ஒரே இடத்தில் மடங்கிக் கிடந்தால் ஒடியாமல் என்ன செய்யும்?

அதனால் ஆடித் தள்ளுபடிக்குக் கிளம்புவதற்கு முன் பீரோவில் இடம் பண்ணுங்கள். (பக்கத்து ஜவுளிக்கடைக்காரர் இனி என்னோடு பேசமாட்டார். பரவாயில்லை.) ஆடியில் கல்யாணம் கிடையாது, பட்டுக்கு வெளியே வேலையில்லை. காற்றும் நன்றாக அடிக்கும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எதையும் ஆற்றி எடுக்க முடியாது.

பீரோ முழுவதையும் ஒரே நாளில் கட்டிலில் கொட்டிவிடாதீர்கள். ராத்திரி படுக்க இடமில்லாமல் எல்லாவற்றையும் அள்ளி மறுபடி உள்ளேயே திணிப்பீர்கள். நான் திணித்திருக்கிறேன். நாளுக்கு ஒரு தட்டு போதும்.

"இது வேண்டுமா?" என்று கேட்டுக்கொண்டால் மனசு எல்லாவற்றுக்கும் வேண்டும் என்றுதான் சொல்லும். "இதற்கு இப்போது போடுகிற மாதிரி ரவிக்கை இருக்கிறதா?" என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் புடவை கட்டப்படாமல் கிடப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. உள்தையலில் துணி விட்டிருந்தால் பிரித்து விட்டுக்கொள்ளலாம், செலவு கொஞ்சம்தான். அதற்கும் வழியில்லை, புதிதாகத் தைக்கப்போவதும் இல்லை என்றால், கட்டிக்கொள்ளக்கூடிய யாருக்காவது இப்போதே கொடுத்துவிடுங்கள். இற்றுப்போன பிறகு கொடுத்தால் வாங்குகிறவருக்கும் சங்கடம்.

ரவிக்கையைப் புடவைக்குள்ளேயே வைத்து மடிக்கிற வழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. என் கூரைப் புடவையில் அப்படித்தான் கொக்கி வடிவத்திலேயே ஒரு துருக்கறை, முந்திக்கு மேலே. இத்தனை பேர் புடவைக்கு வைத்தியம் பார்க்கிறேன், அது மட்டும் இன்னும் போகவில்லை! ரவிக்கைகளைத் தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். இரும்பு ஹேங்கரும் அதே வேலையைத்தான் செய்யும்.

தேறிய பட்டுகளை நிழலில், காற்றில் ஒரு மணி நேரம் ஆறவிடுங்கள். வெயில் வேண்டாம், நிறமும் போகும், இழையும் நொந்துபோகும். பழைய மடிப்பு இருந்த இடத்தில் மறுபடி விழாமல், ஜரிகை உள்ளே போகும்படி மாற்றி மடித்து, துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன வெள்ளை வேட்டியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் அடைபட்டுக்கொள்ளும். ஓர் அடுக்கில் ஐந்தாறு போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மடிப்பை மாற்றினால் நல்லது, ஆறு மாதமாவது தாண்ட வேண்டாம். கஞ்சி போட்ட பருத்திப் புடவையை வெகுநாள் உள்ளே வைக்கப்போகிறீர்கள் என்றால் அலசிவிட்டு வையுங்கள். ராமபாணப் பூச்சிக்கு அந்தக் கஞ்சிதான் சாப்பாடு.

அந்துருண்டையைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். ஜரிகைமேல் பட்டபடி போடாதீர்கள். குழந்தைத் துணி இருக்கிற தட்டில் போடவே போடாதீர்கள். அது உருகாமல் அப்படியே ஆவியாகித் துணியில் ஏறுகிற சரக்கு. ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள பச்சைக் குழந்தைக்கு அந்தத் துணியைப் போர்த்தினாலே ரத்தச் சிவப்பணு சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாக வரலாம். நம் பாட்டிமார் வைத்த வசம்புத் துண்டும் காய்ந்த வேப்பிலையும் போதும். சிறு துணியில் முடிந்து மூலையில் வையுங்கள்.

பழைய பட்டு வாங்குகிறவர்களிடம் கொடுப்பதானால் ஜரிகை எந்த வகை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் அதை எரித்து வெள்ளி எடுப்பதற்காகத்தான் வாங்குகிறார்கள். செம்பு ஜரிகை என்றால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. அந்த அரக்குப் புடவையை அந்த அம்மா விற்கவில்லை. மடிப்புக்கு மடிப்பு நடுவே கெட்டியாக இருந்த துண்டுகளையும் கரையையும் எடுத்து, பேத்திக்கு ஒரு பாவாடை தைக்கக் கொடுத்திருக்கிறார்.

காலை பதினொரு மணிக்குள் வந்தால் கூட்டம் இருக்காது, நிதானமாகப் பிரித்துப் பார்க்கலாம். வரும்போது ரவிக்கையையும் கையோடு எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் புடவைக் கடையிலிருந்து