வெங்காயப் பட்டறைக்கு ஒரு கருவி: பல்கலைக்கழகங்களுக்குத் திறந்த மடல்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆராய்ச்சிப் பொறுப்பாளர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் வணக்கம்.

பெரம்பலூர்ப் பகுதியில் சின்ன வெங்காயத்தின் விலை அறுவடை நேரத்தில் சரிந்துவிட்டால், உழவர்கள் அதைப் பட்டறை போட்டு, அதாவது குவித்துச் சேமித்து வைத்து, நல்ல விலைக்குக் காத்திருப்பார்கள். குவியலின் நடுவில் அழுகல் தொடங்கினால் அது உடனே வெளியே தெரிவதில்லை. வாடை எட்டி, பட்டறையைப் பிரித்துப் பார்க்கும்போது பக்கத்துக் காய்களும் கெட்டிருக்கும். கடன் வாங்கிப் பயிர் வைத்தவருக்கு அந்தக் காத்திருப்பே இரண்டாவது நட்டமாகிவிடுகிறது.

பட்டறைக்குள் வெப்பம், ஈரப்பதம், அழுகும் காய்கள் வெளிவிடும் வாயு ஆகியவற்றை அளந்து, அழுகலின் தொடக்கத்திலேயே உழவரின் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் ஒரு மலிவான கருவியை உருவாக்க முயலும் சிறு தொழில்முனைவோர் குழு நாங்கள். வெங்காயத்தைச் சாதாரணச் சூழலில் சேமிக்க 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 65 முதல் 70 விழுக்காடு ஈரப்பதமும் ஏற்றவை என்பது தெரிந்ததே. அவற்றை அளப்பதும் எளிது. சிக்கல் வாயுவில்தான் இருக்கிறது. வாயுவை உணரும் மலிவான உலோக ஆக்சைடு சென்சார்கள் ஈரப்பதத்துக்கும் எதிர்வினை காட்டுவதால், மழை நாளில் உயரும் அளவு அழுகலால் வந்ததா, ஈரக்காற்றால் வந்ததா என்று எங்களால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. உறுதியில்லாத எச்சரிக்கையை நம்பி ஓர் உழவர் பட்டறையைப் பிரித்து, வந்த விலைக்கு விற்றுவிட்டால், அந்த இழப்புக்கு நாங்களே பொறுப்பு. ஆகவே இப்போதைய நிலையில் இதை விற்பதற்கு எங்களுக்கு மனமில்லை.

நாங்கள் முதன்மையாகக் கேட்பது நிதியன்று. அடியழுகல், கரும்பூஞ்சை, முளைப்பு ஆகிய ஒவ்வொன்றிலும் எந்தக் கந்தகச் சேர்மங்கள், கண்ணுக்குத் தெரிவதற்கு எத்தனை நாள் முன்னதாக வெளிப்படுகின்றன என்பதை வாயுக் கலவையைத் தனித்தனிச் சேர்மங்களாகப் பிரித்துக் காட்டும் வாயு நிறப்பிரிகை (gas chromatography) ஆய்வின் மூலம் வேளாண் பல்கலைக்கழகம் கண்டறிந்து தர வேண்டும். ஈரப்பதத்தின் தாக்கத்தை நீக்கிக் கணக்கிடும் முறையை அண்ணா பல்கலைக்கழகத்தின் மின்னணுவியல் துறையினர் எங்களோடு சேர்ந்து வகுக்க வேண்டும். முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வேட்டுக்கு இது தகுதியான பொருள் என்றே நம்புகிறோம்.

கருவிகளையும், உழவர்களின் ஒப்புதலோடு பட்டறைகளில் திரட்டும் தரவுகளையும் நாங்கள் தருவோம். காப்புரிமையில் யாருக்கு என்ன பங்கு என்பதை வேலை தொடங்கும் முன்பே எழுத்தில் முடிவு செய்துவிடலாம். ஆய்வு முடிவுகள் எங்கள் கருவிக்குப் பாதகமாக அமைந்தாலும் அவற்றை வெளியிடும் உரிமை பல்கலைக்கழகத்துக்கு இருக்க வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே சேர்க்க விரும்புகிறோம். அடுத்த பட்டறை போடும் பருவத்துக்குள் ஆய்வு தொடங்க ஏதுவாக, இரு பல்கலைக்கழகங்களும் பொருத்தமான துறையினரை எங்களோடு பேசப் பணிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.