வாடகைக்கு ஒரு ரசீது எழுதிக் கொடுங்கள்

டர்பன் வட்டாரக் கோயில் நிர்வாகக் குழுவினருக்கும், சாட்ஸ்வொர்த்தில் வீடு வாடகைக்கு விடும் பெரியவர்களுக்கும்,

வணக்கம். என் கணவர் தவில் வாசிப்பவர். ஒரு கோயில் குழு அழைத்துத்தான் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து தென்னாப்பிரிக்காவுக்கு வந்தோம், ஆறு வருஷமாகிறது. அர்ச்சகர், நாதஸ்வரக்காரர், மடப்பள்ளிச் சமையல்காரர் என்று எத்தனை குடும்பங்கள் உங்கள் வீட்டுப் பின்னால் தனியாகக் கட்டிய அவுட்பில்டிங்குகளில் குடியிருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். விசாவுக்குக் கடிதம் தருகிறீர்கள். குடியிருக்கும் வீட்டுக்கு மட்டும் ஒரு வரி எழுதித் தர ஆளில்லை.

போன மாதம் எங்கள் வீட்டுக்காரர் மூன்றே நாளில் காலி செய்யச் சொன்னார். அவருடைய உறவினர் யாரோ குடிவருகிறாராம். சரி, வீடு அவருடையது. ஆனால் நாங்கள் கொடுத்த 7,000 ராண்ட் முன்பணம்? சுவர்க் கறைக்கு அது சரியாகப் போய்விட்டதாம். அந்தக் கறை கூரை ஒழுகி வந்தது, நாங்கள் குடிவந்த அன்றைக்கே இருந்தது. அதை நான் யாரிடம் எதைக் காட்டி நிரூபிப்பேன்?

குடிவந்த முதல் மாதமே கார்பன் தாள் வைத்த ரசீதுப் புத்தகம் ஒன்று வாங்கினேன். தேதி, தொகை எல்லாம் நானே எழுதி, "அங்கிள், கையெழுத்து மட்டும் போடுங்கள்" என்று பேனாவை நீட்டினேன். "நமக்குள்ள என்னம்மா பேப்பரு" என்று சிரித்தபடி பணத்தை எண்ணிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் மாதாமாதம் அதே பதில். புத்தகம் ஃபிரிட்ஜ் மேலேயே கிடந்தது, ஒரு தாள் கிழிபடவில்லை.

மகளைக் கிரேடு ஒன்றில் சேர்க்கப் போனபோது முகவரிச் சான்று கேட்டார்கள். வீட்டுக்காரரிடம் போய் நின்றேன். அனுமதி வாங்காமல் கட்டியது, முனிசிபாலிட்டிக்குத் தெரிந்தால் வம்பு என்று மறுத்துவிட்டார். போலீஸ் ஸ்டேஷனில் அஃபிடவிட் எழுதி எடுத்துப் போவதற்குள் பக்கத்துப் பள்ளியில் இடம் நிரம்பிவிட்டது. இன்றைக்கும் அந்தப் பிள்ளை இரண்டு மினிபஸ் டாக்ஸி மாறித்தான் பள்ளிக்குப் போகிறாள். காலை ஐந்தரைக்கு எழுப்பினால் கண்ணை மூடியபடியே சாக்ஸ் மாட்டுவாள்.

புதிதாக எதையும் கேட்கவில்லை. 1999-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் உள்ளதைத்தான் கேட்கிறோம். குடியிருப்பவர் கேட்டால் ஒப்பந்தத்தை எழுத்தில் தர வேண்டும், வாங்கும் ஒவ்வொரு தொகைக்கும் ரசீது தர வேண்டும், முன்பணத்தை வட்டி வரும் கணக்கில் போட வேண்டும். குடிவரும்போதும் காலி செய்யும்போதும் இருவரும் சேர்ந்து வீட்டைப் பார்த்துக் குறைகளைக் குறித்துக்கொள்ள வேண்டும். அரசு மானிய வீடு இந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களுக்கும்தான். அதற்கு நாங்கள் ஆசைப்படவில்லை. எங்கள் வருமானத்துக்கு உங்கள் கொல்லைப்புறம்தான் கதி. ஆகவே எழுதிக் கொடுங்கள்.

வீடு போவது என்றால் என்னவென்று உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இன்ன இனத்தார் இன்ன இடத்தில்தான் குடியிருக்கலாம் என்று 1950-இல் வந்த குழுப் பகுதிச் சட்டத்தால் டர்பனின் கேட்டோ மேனரை விட்டு லாரியில் சாமான் ஏற்றி வந்த கதையை எதிர்வீட்டு ஆயா இன்றும் அழாமல் சொல்லி முடிப்பதில்லை. அந்த வீட்டுப் பிள்ளைகளா மூன்று நாள் கெடு வைப்பது? எனக்கு மனசு ஆறவில்லை. எங்கள் கதை மட்டுமா இது? 2023 ஆகஸ்ட் 31-இல் ஜோஹன்னஸ்பர்க்கில் ஒரு பழைய கட்டடம் எரிந்து எழுபதுக்கு மேற்பட்டவர்கள் செத்தார்கள். மலாவி, தான்சானியாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள். வேறெங்கும் இடம் கிடைக்காதவர்கள்தான் அப்படிப்பட்ட கட்டடங்களுக்குப் போகிறார்கள்.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆடிக் கூழ் ஊற்றுவதைப் பற்றிப் பேசக் கமிட்டி கூடும்போது இதையும் எடுத்துப் பேசுங்கள். வெளியூரிலிருந்து ஆளை அழைக்கும் கோயிலே முன்னின்று ஒரு பக்க வாடகை ஒப்பந்தம் எழுதித் தர வேண்டும். வீடு விடுபவர் மாதாமாதம் ரசீது தர வேண்டும்.

இப்போது வேறொரு அவுட்பில்டிங்கில் இருக்கிறோம். அந்த ரசீதுப் புத்தகத்தையும் எடுத்து வந்திருக்கிறேன். வரும் ஒன்றாம் தேதி வீட்டுக்கார அம்மாவிடம் அதை நீட்டுவேன். கையெழுத்துப் போடச் சொல்லி நீங்களும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தவில்காரர் வீட்டம்மா