கொலுசு வரியும் பட்ஜெட்டும்

ஐயா,

பட்ஜெட் நெருங்கினால் வெள்ளிக் கொலுசுப் பட்டறைகள் நிறைந்த சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இரண்டே பேச்சு: ‘கொலுசு வரி குறையுமா?’, ‘குறைச்சுக் கிழிச்சாங்க!’ இரண்டும் இடம் மாறிய பேச்சு. கொலுசுக்கான 3 சதவீத ஜி.எஸ்.டி.யும், கூலி வேலைக்கான 5 சதவீதமும் பட்ஜெட்டில் அல்ல, மத்திய, மாநில அமைச்சர்கள் சேர்ந்து முடிவெடுக்கும் ஜி.எஸ்.டி. கவுன்சில் விவகாரம். அங்கே மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு மாநிலங்களுடையது. வரியைக் குறைக்கக் கேட்கும் மனுவை மாநில நிதியமைச்சருக்கும் அனுப்புங்கள். பட்ஜெட் கையில் இருப்பது வெள்ளி இறக்குமதித் தீர்வை. 2024 ஜூலையில் அது 15லிருந்து 6 சதவீதமானது. உலக விலையும் டாலரும் ஏறினால் அந்தச் சலுகை கரைந்துவிடும். பட்டறைக்காரர் சலிப்பில் நியாயம் உண்டு.

பட்ஜெட்டில் வரும் திட்ட அறிவிப்புகளுக்கும் உரையைக் கேட்டால் மட்டும் போதாது. ஒவ்வொரு துறையும் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கையில் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, முந்தைய ஆண்டின் உண்மைச் செலவு மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அரசாணையோ டெண்டரோ தாமதமானால் திருத்திய மதிப்பீட்டில்தான் முதலில் வெட்டு விழும்.

– வாசகர், சேலம்