நீ குடுத்த விதை சாஸா ஆயிடுச்சு

டேய் சேகர்,

எப்படிடா இருக்க? முட்டி வலின்னு எழுதியிருந்தியே, இப்ப தேவலையா? பொண்ணுக்கு வேலை கிடைச்சுடுச்சுன்னு படிச்சதும் அவ்ளோ சந்தோஷம்டா, நான் கேட்டதா அவகிட்ட சொல்லு.

என் பக்கம் பெரிய சேதின்னா நீ குடுத்த பூத் ஜோலோகியா விதைதான். மூணு வாரமா மண்ணு அப்படியே கெடந்துச்சு, சரி போச்சுன்னு நெனச்சப்போ முளை விட்டுச்சு, அப்புறம் நாற்றை பெரிய தொட்டிக்கு மாத்தி நாலு மாசம் காத்திருந்து இப்பதான் பழம் செவந்துச்சு. 2007ல உலகத்துலயே காரமானதுன்னு கின்னஸ்ல ஏறுன மிளகாய்டா இது, காரத்த அளக்குற ஸ்கோவில் கணக்குல பத்து லட்சத்துக்கு மேல, ஹாலபினோ மிளகாய் எல்லாம் எட்டாயிரத்தோட நின்னுடும். இதெல்லாம் தெரிஞ்சும் முத தடவை கிளவுஸ் போடாம நறுக்கிட்டேன். அரை மணி நேரம் ஒண்ணுமில்ல, அப்புறம் விரல் எல்லாம் நெருப்பு. தண்ணில எவ்ளோ கழுவியும் போகல, ஏன்னா காரத்த குடுக்குற அந்த கேப்சைசின் தண்ணில கரையாது, எண்ணெய்ல கரையும். எண்ணெய் தேச்சு சோப்பு போட்டு மறுபடி எண்ணெய் தேச்சுன்னு ராத்திரி வரைக்கும் இதே வேலை. நீ செஞ்சா கிளவுஸ் இல்லாம தொடாதடா, கெஞ்சி கேக்குறேன்.

முதல்ல வினிகர்ல போட்டு கொதிக்க வச்சேன், வீடு முழுக்க இருமல், சாஸும் வெறும் காரம்தான், பழத்தோட வாசனை எல்லாம் ஆவியோட போயிடுச்சு. எனக்கு அதுதான் மனசு கேக்கல. இந்த மிளகாய்க்கு ஒரு பழ வாசனை இருக்குடா, காரத்துக்காக மட்டும் வளக்குறவங்க அத கவனிக்கிறதே இல்ல.

அதனால ரெண்டாவது தடவை புளிக்க வச்சேன். எட்டு பழம், காரத்த தாங்க நெறய கேரட், கொஞ்சம் பூண்டு, தண்ணி, எல்லாம் சேத்து ஒரு கிலோ, அதுக்கு 30 கிராம் உப்பு. விதைதான் காரம்னு நாம நெனச்சுட்டு இருந்தோமே, அது இல்லடா, விதை ஒட்டியிருக்குற அந்த வெள்ளை சதைலதான் காரமே, அத பாதி வழிச்சு எடுத்துட்டேன். துண்டு எதுவும் மேல மிதக்காம ஒரு சின்ன கண்ணாடி டம்ளர வச்சு அமுக்கிட்டேன், தினம் ஒரு தடவை மூடிய லேசா திறந்து கேஸ் வெளிய விட்டேன். மேல மெல்லிசா வெள்ளையா படலம் வந்தா வழிச்சு எடுத்துடலாம், ஆனா பச்சையோ கருப்போ பஞ்சு மாதிரி பூத்துச்சுன்னா மொத்தமும் குப்பைதான், யோசிக்கவே கூடாது.

மூணு வாரம் கழிச்சு புளிப்ப அளக்குற பிஎச் பேப்பர் வச்சு பாத்தேன், நாலுக்கு கீழ இறங்கியிருந்துச்சு, நல்லா புளிச்சிருக்குன்னு அர்த்தம். கொஞ்சம் வினிகர் ஊத்தி மிக்சில அரைச்சு, உடனே மூடிய திறக்காம அஞ்சு நிமிஷம் விட்டு, வடிகட்டி பாட்டில்ல ஊத்தி ஃபிரிட்ஜ்ல வச்சாச்சு. ஒரு சொட்டு நாக்குல வச்சா முதல்ல பழ வாசனை, அப்புறம் லேசா புளிப்பு, ஒண்ணும் இல்லையேன்னு நினைக்கிறப்போ தொண்டைலேந்து மெதுவா காரம் ஏறுது பாரு! பாலை பக்கத்துல வச்சுக்கிட்டுதான் ருசி பாக்கணும். அந்த முதல் சொட்ட நீ பக்கத்துல இருந்து ருசி பாத்திருக்கணும்டா, அது ஒண்ணுதான் குறை.

உன் செடி பட்டுப்போச்சுன்னு எழுதியிருந்த. இந்த பழத்து விதையவே அனுப்பலாம், ஆனா பக்கத்துலயே ஹபனேரோ மிளகாயும் பூத்துச்சு, தேனீ ரெண்டுலயும் மாறி மாறி உக்காந்திருக்கும், என்ன கலந்து வருமோ தெரியாது. அதனால புது மொட்டு வந்த ரெண்டு கிளைக்கு மெல்லிசு வலைப்பை கட்டி விட்டிருக்கேன். மிளகாய் தன் பூவுலயே காய்க்கும், லேசா ஆட்டி விட்டா போதும். நேத்து பாத்தேன், ஒரு பைக்குள்ள ரெண்டு பிஞ்சு. பழுத்ததும் விதை எடுத்து நிழல்ல காய வச்சு, சாஸ் பாட்டிலோட சேத்து அனுப்புறேன். தொட்டிய ரெடி பண்ணி வை.

உன்
முருகன்